கடல் நகர்ந்ததைத் தெரிவிக்காத குற்றம்

வங்கக் கடலை இரவு பகலாகக் கண்காணிப்பவர்கள் இரண்டே பேர். ஒன்று கடற்படை, மற்றொன்று எங்கள் காப்பீட்டு நிறுவனம். கடற்படைக்குக் கப்பல் வேண்டும். எங்களுக்கு அளக்கிற டேப் ஒன்று போதும்.

அந்த டேப்புடன்தான் திருவொற்றியூரில் குணசுந்தரி அம்மாள் வீட்டுக்குப் போனேன். காசிமேட்டில் இருபது வருடம் மீன் விற்றுக் கட்டிய இரண்டு அறை வீடு. நாலாயிரமாக இருந்த பிரீமியம் 'பருவநிலை மாற்றக் கூடுதல்' சேர்ந்து இருபத்தோராயிரம் ஆனது ஏன் என்று மனு போட்டிருந்தார். கட்டாவிட்டால் அக்டோபரோடு பாலிசி காலாவதி. புயல் வழக்கமாக நவம்பரில் வரும். இது தற்செயல்.

"விண்ணப்பத்தில் கடலுக்கு இருநூறு மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது முப்பத்தெட்டு. எங்களிடம் சொல்லாமல் கடற்கரைக்குக் குடிவந்திருக்கிறீர்கள்" என்றேன்.

"நா எங்க சார் வந்தேன்? வூடு அங்கியேதான் கீது. கடலுதான் ரெண்டு தெருவ முழுங்கிட்டு வந்துகினு கீது."

"யார் நகர்ந்தாலும் பாலிசிதாரர் முப்பது நாளில் தெரிவிக்க வேண்டும்."

"அது எங்கிட்ட சொல்லிட்டா வந்துச்சு?"

'கடல் முன்னறிவிப்பு தரவில்லை' என்று குறித்துக்கொண்டேன். வாசலிலிருந்து அலை தெரிந்ததால் வீட்டைக் 'கடல்காட்சி இல்லம்' என்றும் உயர்த்தினேன். நீலாங்கரை பங்களாக்களுக்கு உரிய கௌரவம். அம்மாள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

அவர் கணவர் எத்திராஜ் வடக்கே கை காட்டினார். "அந்த நெலக்கரி கம்பெனி கடலுக்குள்ள செவுரு கட்டின அப்பாலதான் இந்தப் பேஜாரு. நவுத்துனவன் அவன். அவனாண்ட லெட்டர் வாங்குனியா சார்?"

கேள்வி நியாயமானது. ஆகவே அதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வைத்தேன். முந்திரி பக்கோடாவுடன் ஒன்றரை மணி நேரம் ஆழ்ந்து விவாதித்தோம். அந்தக் கம்பெனி எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் என்பது தெரிந்தது. இதுவரை ஒரு பைசா நஷ்டஈடு கேட்டதில்லை. கேட்க அவசியமும் இல்லை, அவர்கள் சுவரில் மோதும் கடல் திரும்பி குணசுந்தரி அம்மாள் பக்கம்தான் வருகிறது. 'முன்மாதிரி வாடிக்கையாளர்' என்று சால்வை போர்த்தி வருடாவருடம் கொடுக்கும் நாற்பது சதவீதத் தள்ளுபடியையும் நீட்டித்தோம்.

குணசுந்தரி அம்மாளால் பணம் கட்ட முடியவில்லை. நவம்பர் புயலில் கடல் முதலில் சமையலறையையும், மறுநாள் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது.

கடமை தவறாமல் டேப்புடன் போனேன். அம்மாள் கருங்கல் மேல் கேஸ் அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்போ எத்தினி மீட்டர் சார்?"

பூஜ்யம் என்று எழுதினேன். எங்கள் கணிப்பு இம்மியும் பிசகவில்லை. கடல் வரும் என்று எங்களுக்குத் தெரியும். அனுப்பியவர் யார் என்றும் தெரியும். அவருக்குக் கொடுத்த தள்ளுபடியைத்தான் 'கூடுதல்' என்று இந்த அம்மாளிடம் கேட்டிருந்தோம்.