ஆமத்தூர்க் கண்மாயில் ஒரு ஜென்மப் பகை

சிரிப்புக் கதைதான் இது. சிரிப்பு கட்டாயம் வரும். ஆனால் இப்போதே வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது. தூண்டில் தக்கை லேசாக ஆடியதும் வெடுக்கென்று இழுக்கிறவனுக்கு வெறும் முள்தான் மேலே வரும். முதலில் ஒரு சண்டை இருக்கிறது. சண்டை முடிந்ததும் மீன் பிடிக்கப் போக வேண்டும். அப்புறம் சாப்பாடு. அதுவரைக்கும் உதட்டை இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்து மூன்றாம் வருசம். சிவகாசியில் ஒரு தெரு. தெருவுக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு நூல் தண்ணீர். தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தக் குழாயடியில் வள்ளித்தாயின் பித்தளைக் குடத்தை மாரித்தாய் காலால் தள்ளிவிட்டாள். தள்ளவில்லை, கால் பட்டது என்றாள் மாரித்தாய். கால் பட்டால் குடம் நெளியுமா, உன் கால் என்ன உரலா என்று கேட்டாள் வள்ளித்தாய். வள்ளித்தாய்க்கு வெண்கலத் தொண்டை. மாரித்தாய்க்குச் சங்குத் தொண்டை. இரண்டும் ஒரே நேரத்தில் முழங்கியதில், கோயிலில் தீபாராதனை என்று நினைத்துத் தெருக்கோடியில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

சண்டை முடிந்ததும் வள்ளித்தாய் வீட்டுக்குள் வந்து, புருசன் முத்துக்கருப்பனிடம் இரண்டு உத்தரவு போட்டாள். ஒன்று, அவள் நிற்கிற குழாயடியில் நான் நிற்க மாட்டேன். இனிமேல் தண்ணீர் உங்கள் பொறுப்பு. இரண்டு, அவள் புருசனோடு நீங்கள் ஒரு வார்த்தை பேசினதாகக் காதில் விழுந்தால், சாத்தூரில் எங்கள் அண்ணன் வீடு இருக்கிறது.

எதிர்வீட்டில் மாரித்தாயும் தன் புருசன் தங்கச்சாமிக்கு இதையே சொன்னாள். ஊர் மட்டும் சாத்தூருக்குப் பதில் அருப்புக்கோட்டை.

மறுநாள் விடியலில் தெரு ஓர் அதிசயத்தைக் கண்டது. பொம்பளைகள் வரிசையில் இரண்டு மீசைகள் குடத்தோடு நின்றன.

முதல் உத்தரவு முத்துக்கருப்பனுக்குத் தோளில் வலித்தது. இரண்டாவது நெஞ்சில் வலித்தது. அவரும் தங்கச்சாமியும் மீசை முளைக்காத வயசிலிருந்தே தூண்டில் கூட்டாளிகள். இவர் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுகிறவர், அவர் வெடி ஆபீஸில் திரி வைக்கிறவர். வாரம் முழுக்க மருந்து வாசத்தை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூர்க் கண்மாயில் போய் அதை இறக்கி வைப்பார்கள். வலை போடத்தான் ஊர்த்தடை. தூண்டிலை யாரும் கேட்பதில்லை. கருவேல மர நிழலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சோளத்தட்டைத் தக்கைகள் இரண்டும் தண்ணீரில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மிதக்க, பகல் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்து வார்த்தையும் இல்லாமல் ஒரு வாரம் கழிந்ததும் முத்துக்கருப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவர் தங்கச்சாமிதான். பேசக் கூடாது என்றுதானே உத்தரவு? ஏசக் கூடாது என்று இல்லையே.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் குழாயடியில் கச்சேரி. முத்துக்கருப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடங்குவார்.

"ஏலே தங்கச்சாமி, ஒன்னைய ஆமத்தூர்க் கம்மாக்கரையில வச்சு மிதிக்கலைன்னா எம் பேரு முத்துக்கருப்பன் இல்லலே."

"எப்ப வரணும், அதச் சொல்லு."

"நாளைக்கு வெயில் ஏறுமுன்னே வா. மடைக்குக் கெழக்க."

"வாரேன்லே. புழுவா நெளியப் போறே."

"புழுவ நான் கொண்டாரேன். நீ கம்பக் கொண்டா."

பெரியவர் ஒருவர் ஓடி வந்து, கம்பு கிம்பெல்லாம் வேண்டாமய்யா, போலீஸ் கேஸாகிவிடும் என்று கும்பிட்டார். வாசலில் நின்ற வள்ளித்தாய் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு தோள் குலுங்க உள்ளே போனாள். புருசனுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்று அழுகிறாள், பாவம் என்று முத்துக்கருப்பனின் மனசு கரைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போக ஆளுக்கொரு காரணம் வேண்டுமே. முத்துக்கருப்பனுக்கு லோடு. வடக்கே போகிற லாரி ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது, பண்டல் ஏற்ற ஆள் இல்லை, மேனேஜர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சுகிறார் என்று, மேனேஜரின் மூக்கடைத்த குரலிலேயே பேசிக் காட்டுவார். தங்கச்சாமிக்குக் காரியாபட்டியில் இழுப்பு வந்து கிடக்கும் மாமா ஒருவர் பிறந்தார். அந்த மாமாவால் தேறவும் முடியாது, சாகவும் முடியாது. தேறினால் மீன் போச்சு. செத்தால் மாரித்தாய் ஒப்பாரி வைக்கக் கூடவே கிளம்பிவிடுவாள். மாரித்தாயோ தங்க மனசுக்காரி. மாமாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டாள். அது கருவேல மரத்தடியில் கம்மங்கூழோடு நன்றாகவே இருந்தது.

பிடித்த மீனையும் ஆளுக்குப் பாதியாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இவர் வீட்டில் அதை லாரி டிரைவர் கொடுத்தார். அவர் வீட்டில் மாமா வீட்டார் கொடுத்தார்கள். ஞாயிறு சாயங்காலம் எதிரெதிர் வீடுகளிலிருந்து ஒரே மீனின் வாசம் கிளம்பி நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டது. பகைவர் இருவரும் தங்கள் சாமர்த்தியத்தை நினைத்து அவரவர் வீட்டுக்குள் மீசையை நீவிக்கொண்டார்கள்.

மாசி மாதம் பிறந்தது. ஒருநாள் மீனை உரசிக்கொண்டே வள்ளித்தாய் கேட்டாள்.

"டிரைவரு எந்த ஊர்க்காரரு?"

"வடக்க."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து கெண்டைய உசுரோடயா கொண்டாராரு?"

"வாளித் தண்ணியில போட்டுக் கொண்டாருவாரு போல. நான் எங்க கேட்டேன்?"

"நல்ல மனுசன். வார ஞாயித்துக்கெழமை வெரால் இருந்தாக் கொண்டாரச் சொல்லுங்க. கெண்டையில முள்ளு சாஸ்தி."

சொல்லிப் பார்க்கிறேன் என்றார் முத்துக்கருப்பன். இப்படி ஒரு வெள்ளை மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்தில் அன்று இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாகவே கொண்டுவந்து ஊற்றினார்.

அந்த ஞாயிறும் வந்தது. டிபன் கேரியரை வள்ளித்தாய் தன் கையாலேயே சைக்கிளில் மாட்டிவிட்டாள். இன்றைக்கு லோடு கூடுதலாக இருக்கும், இருட்டும் வரைக்கும் அவசரப்படாமல் ஏற்றிவிட்டு வாருங்கள் என்றாள். முத்துக்கருப்பன் ரயில் கேட் வழியாகப் போனார். தங்கச்சாமி சுடுகாட்டுப் பாதையாகப் போனார். மடைக்குக் கிழக்கே இரண்டு சைக்கிளும் ஒரே மரத்தில் சாய்ந்துகொண்டன.

கண்மாய் அந்த வருசம் கரை தொட்டுக் கிடந்தது. காற்று வந்தால் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்னச் செதிலாக மினுங்கும். நாரைகள் ஒற்றைக் காலில் நிற்க, எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மூச்சுவிட்டன. தங்கச்சாமி பீடியைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பார்க்காமலே கையை நீட்டினார். முத்துக்கருப்பன் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். குச்சியும் மருந்தும் போல அவர்கள் கூட்டு. அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அது எவ்வளவு நீளம். நிழல் ஒரு முழம் நகர்வதற்குள் ஒரு ஆயுசு ஓடிவிடும்.

"மச்சான், எங்க வீட்டுலயும் வெராலுதான் கேட்டா" என்றார் தங்கச்சாமி.

"இதென்னலே, ரெண்டு வீட்டுலயும் ஒரே மசக்கையா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி ரெண்டு பேரும் யோசிக்கவில்லை. தக்கை ஆடும்போது யோசிக்கிறவன் தூண்டில்காரன் இல்லை.

உச்சிவெயில் நேரத்தில் தங்கச்சாமியின் தக்கை ஒரேயடியாக உள்ளே போயிற்று. கம்பு வளைந்தது. கை நீளத்துக்கு ஒரு விரால், கரையில் விழுந்து மண்ணை அறைந்தது. முத்துக்கருப்பனின் முள்ளில் அன்று பாசியைத் தவிர எதுவும் சிக்கவில்லை. அவர் புழுவை மாற்றினார். வெறுங்கையோடு போனால் டிரைவருக்கு என்ன ஆச்சு என்று வள்ளித்தாய் கேட்பாள். லாரி வரவில்லையா, வரவில்லை என்றால் பகல் முழுக்க எங்கே இருந்தீர்கள் என்பாள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் ஏது கண்மாய், ஏது கூட்டாளி?

தங்கச்சாமி விராலின் செவுளில் கோரைப்புல்லைக் கோத்தார். அதைக் கொண்டுபோய் முத்துக்கருப்பனின் சைக்கிளில் மாட்டினார்.

"ஏ மாப்ளே, அது ஒன் மீனு."

"கெடக்கட்டும் மச்சான். எங்க மாமாவுக்கு இன்னைக்கு இழுப்பு சாஸ்தி, மீன் வாங்க ஆள் இல்லைன்னு சொல்லிக்கிருதேன். ஒங்க டிரைவருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுவீக?"

முத்துக்கருப்பன் விராலை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். சாப்பாட்டு வேளை ஆயிற்று என்று ரெண்டு பேரும் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள்.

தங்கச்சாமி தன் டிபன் கேரியரைப் பிரித்தார். முதல் அடுக்கில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. இரண்டாவதில் அவரைக்காய்ப் பொரியல். மூன்றாவதில் பொரித்த வடகமும் அப்பளமும். சோறு ஒரு பருக்கை இல்லை. பொம்பளைக்கு மறதி வரலாம், ஆனால் சோற்றையா மறப்பாள், வடகத்தை மட்டும் கொறிக்க நான் என்ன அணிலா என்று புலம்பித் தீர்த்தார்.

முத்துக்கருப்பன் தன்னுடையதைப் பிரித்தார். முதல் அடுக்கில் சோறு. இரண்டாவதைத் திறந்தார், அதிலும் சோறு. மூன்றாவதிலும் சோறுதான், அமுக்கி அமுக்கி வைத்திருந்தது. ஊறுகாய்த் துண்டுகூட இல்லை. மூன்று மாசமாகத் தண்ணீர் சுமக்கிறவனுக்கு ஒரு கரண்டி குழம்பு ஊற்ற மனசு வரவில்லை பார் என்று அவரும் தன் பங்குக்குப் புலம்பினார். பிறகு ரெண்டு பேரும் ஒருவர் அடுக்கை ஒருவர் பார்த்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரை தேடிக்கொண்டிருந்த கொக்கு பயந்து எழுந்து பறந்தது.

சோற்றைப் பாதியாகப் பிரித்தார்கள். குழம்பை ஊற்றினார்கள். உப்பு, புளி எல்லாம் அந்தச் சோற்றுக்கென்றே அளந்து வைத்ததுபோல் இருந்தது.

"நல்லவேளை மாப்ளே, நம்ம ரெண்டு பேரும் சேந்து வந்தோம்" என்றார் முத்துக்கருப்பன் உருண்டையைப் பிடித்துக்கொண்டே. "தனித்தனியா வந்திருந்தா ரெண்டு பேரும் பட்டினிதான்."

தங்கச்சாமி வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினார்.

முத்துக்கருப்பனின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. உருண்டையைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார். சைக்கிளில் தொங்கிய விராலைப் பார்த்தார். குடம் சுமந்து காய்த்த தோளை மெதுவாகத் தடவிக்கொண்டார்.

"ஏ மாப்ளே" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சோறு எங்க வீட்டுல வடிக்கணும், கொளம்பு ஒங்க வீட்டுல வைக்கணும்னு, அவளுக ரெண்டு பேரும் எப்பலே உக்காந்து பேசிக்கிட்டாளுக?"