மகாராஜா எழுந்துவிட்டார்

"உங்களுக்குள்ள ஒரு சிங்கம் தூங்குது சார்" என்றார் மேலாளர்.

"தூங்கட்டுமே. எழுப்பிவிட்டா தீனி யாரு போடுறது?" என்றார் சோபாவில் படுத்திருந்தவர். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அது சோபா செய்யும் பட்டறை. நட்டநடுவே ஒரு கை ஒடிந்த பழைய சோபா கிடந்தது. காலையில் வந்து அதில் சாய்ந்து, சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போவதுதான் அந்த மனிதரின் உத்தியோகம். பட்டறையில் அவருக்கு மகாராஜா என்று பெயர். முதலாளியம்மாவுக்குத் தம்பி முறையாக இருக்கும் என்று புது மேலாளர் தானாகவே முடிவு கட்டியிருந்தார். போனில் கேட்டதற்கு அந்த அம்மா, "அவரை வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. மத்ததெல்லாம் உங்க சாமர்த்தியம்" என்று வைத்துவிட்டார்.

மேலாளருக்கும் பட்டறையில் ஒரு பெயர் உண்டு: பம்பரம். வந்த நாள் முதல் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். பாதி அவருக்கு, பாதி தரைக்கு. இந்த வாரம் சுழற்சி இன்னும் அதிகம். ஒரு பெரிய ஹோட்டலுக்கான சோபாக்கள் வெள்ளிக்கிழமை லாரியில் ஏறியாக வேண்டும். "சோபா ஏறலேன்னா, அதே லாரியில நீங்க ஏறிக்கலாம்" என்று முதலாளியம்மா அன்பாகச் சொல்லியிருந்தார். வீட்டிலோ மனைவி இன்னும் மூட்டை முடிச்சைப் பிரிக்கவில்லை. "பாத்திரப் பெட்டியைப் பிரிக்கலாமா, வேண்டாமாங்க?" என்று தினமும் ஒரே கேள்வி.

உண்மையில் வேலை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் நாலு பேர் உழைக்கும் இடத்தில் ஒருவர் படுத்திருப்பதைப் பம்பரத்தால் தாங்க முடியவில்லை.

"நீங்க எந்திரிச்சு நின்னாலே போதும் சார். இந்தப் பட்டறையே உங்களைப் பார்த்து எழுந்துக்கும்!"

மகாராஜா ஒரு கண்ணைத் திறந்தார். சட்டைக்கு அளவெடுப்பதுபோல் பம்பரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்திரிச்சா, திரும்ப உக்காருன்னு சொல்லக் கூடாது. சம்மதமா?"

"எங்கம்மா சத்தியமா சொல்ல மாட்டேன்!"

சொல்லி வாய் மூடவில்லை. மகாராஜா துள்ளி எழுந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ரம்பத்தை எடுத்து மரம் அறுக்கத் தொடங்கிவிட்டார்.

பம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் டீ வரும்வரைகூட நிற்கவில்லை.

முதலில் தையல் மிஷின் நின்றது.

"என்னக்கா, நூல் அறுந்துபோச்சா?"

"நூல் நல்லாத்தான் இருக்கு" என்றார் தையல்கார அக்கா. "அந்த ஆளு படுத்திருக்கிறதைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். கால் தானா பெடலை மிதிக்கும். இப்ப அவரே வேலை செய்யுறாரு. எனக்குக் கோபமே வரலையே சார்!"

அடுத்தபடி சுத்தியலின் சத்தம் ஓய்ந்தது. "யாரு மண்டைன்னு நெனச்சு ஆணி அடிக்கிறது?" என்று தச்சர் பரிதாபமாகக் கேட்டார்.

பம்பரம் எல்லாரையும் கூட்டி வைத்து உற்சாகமூட்டிப் பேசினார். பேச்சு அருமையாக இருந்தது. அதுதான் வினையாயிற்று. "இன்னும் கொஞ்சம் பேசுங்க சார்" என்று ஆளுக்கொரு மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, படுக்க ஓர் ஆள்தானே வேண்டும்? மெத்தையில் பஞ்சு அடைப்பவரைக் கூப்பிட்டு, "நீங்க போய்ப் படுங்க" என்றார். அந்த மனிதர் படுத்த வேகத்தில் எழுந்தார். "முதுகு கூசுது சார். எங்க வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா என்ன ஆகிறது?"

"அவரு வேணாம்னா நான் படுக்குறேன்" என்று வந்தார் பாலிஷ் போடுபவர்.

"ஏன், நான் மட்டும் என்ன இளப்பமா? நான் உனக்கு மூத்தவன்" என்றார் தச்சர். படுப்பதற்கு வரிசை நின்றது. வரிசையில் யார் முன்னால் என்று அடிதடி ஆகாத குறை.

வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது. பம்பரம் மகாராஜாவிடம் ஓடினார்.

"அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். கொஞ்ச நேரம் படுங்கண்ணே!"

"சத்தியம் பண்ணியிருக்கீங்க சார். அம்மா மேல!" என்று சொல்லிவிட்டு மகாராஜா சீட்டியடித்தபடி அடுத்த பலகையை எடுத்தார்.

பம்பரத்துக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கிடைத்த இடத்தில் விழுந்தார். கிடைத்த இடம் அந்த சோபா.

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"பாத்தியாக்கா?" என்றார் தச்சர். "லாரி வர்ற நாளு! துரை காலை நீட்டிட்டாரு!"

"சம்பளம் வாங்கக் கை கூசாது போல!" என்று தையல்கார அக்கா பெடலில் காலை வைத்தார். மிஷின் அலறியது.

பம்பரம் பதறி எழுந்தார். மிஷின் தள்ளாடியது. உட்கார்ந்தார். அலறியது. ஒரு காலைத் தூக்கி சோபாவின் ஒடியாத கைமேல் போட்டுப் பார்த்தார். ஆணிகள் ஒரே அடியில் இறங்கின. கொட்டாவி விட்டார்; பாலிஷ்காரருக்கு நாலு கை முளைத்தது. "ஒரு டீ சொல்லுங்கப்பா" என்று இழுத்தபோது, கோபத்தில் அடைத்த பஞ்சில் ஒரு மெத்தை வெடித்தே போயிற்று.

அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். துடித்த காலை மற்றக் காலால் அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓய்வெடுத்தார்.

சாயங்காலம் லாரியும் வந்தது, பின்னாலேயே முதலாளியம்மாவின் காரும் வந்தது. கடைசி சோபாவுக்கு இன்னும் கால் பொருத்தவில்லை. பம்பரம் எழுந்திருக்க முதுகை நிமிர்த்தினார். தச்சரின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. வேலையா, மரியாதையா? பம்பரம் கண்ணை இறுக மூடி, மறுபடியும் சாய்ந்து, முதலாளியம்மாவின் முன்னால் குறட்டையே விட்டார்.

செருப்புச் சத்தம் அருகில் வந்து நின்றது. பிறகு அப்படியே திரும்பிப் போயிற்று. கார் கிளம்பிவிட்டது.

கடைசி சோபாவும் லாரியில் ஏறியது. பம்பரம் அசையவில்லை. "என் வேலை போச்சுங்க" என்றார், கயிறு எடுக்க உள்ளே வந்த லாரி டிரைவரிடம். "பாத்திரப் பெட்டியைப் பிரிக்காததும் நல்லதாப் போச்சு."

"போறதா? இப்பத்தானே சார் வேலையில சேர்ந்திருக்கீங்க!" என்று டிரைவர் சிரித்தார். "வெளியில நின்னு சோபாவைத் தூக்கி விடுறாரே மகாராஜா, அவரு இங்க மேனேஜரா வந்தப்போ, இதுல படுத்தாத்தான் வேலை நடக்கும்னு கண்டுபிடிக்கவே ஒண்ணரை வருஷம் ஆச்சு!"