இருபத்தேழு வரிச் சாட்சி

அன்று உப்பளத்து மோட்டார் கொட்டகையில் இருந்தவர்கள்: சகாதேவனாகிய நான், வயது அறுபத்து நான்கு. என் மனைவி திரௌபதி. மகள் நிவேதா. பக்கத்து உப்பளத்துச் சேட்டு பாய். ஆக நான்கு பேர். இவர்களைத் தவிர, ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஒன்று, நிவேதாவின் லேப்டாப் ஒன்று, சாக்குக்குப் பின்னால் ஊறுகாய் ஜாடி ஒன்று. ஜாடி இருப்பது எனக்கும் சேட்டு பாய்க்கும் மட்டும்தான் தெரியும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

இன்று திருடனைப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்திருந்தேன்!

எனக்கு ரத்தக் கொதிப்பு. மரக்காணத்தில் உப்பு விளைவிக்கிற என்னைப் பார்த்து, உப்பைத் தொடாதே என்றார் டாக்டர். திரௌபதி அன்றே ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றினாள்.

"நீங்க விட்டா நானும் விட்டேங்க. உங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலங்கிய கண்ணோடு நேராகச் சேட்டு பாயிடம் போய் ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கிக்கொண்டேன்.

இருபத்து நான்கு துண்டு. ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு. ஆறு நாள் கழித்துப் பதினெட்டு இருக்க வேண்டும். பதினான்குதான் இருந்தது. மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் பதினான்கு! யாரிடம் புகார் சொல்வது? ஒளித்து வைத்ததே நான்.

நிவேதா ஆரோவில்லில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். "கொட்டகையில பொருள் திருடு போவுது" என்று மட்டும் சொன்னேன். ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினாள்.

"இதுல ஒரு புரோகிராம் இருக்குதுப்பா. மோட்டார் ஓடினா, நின்னா, கதவு தொறந்தா, மூடினா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி சேதி அனுப்பும். வீட்டுக் கம்ப்யூட்டர்ல லாக்னு ஒண்ணு இருக்குது. வர்ற சேதியை வாங்கி, நேரம் போட்டு வரிசையா எழுதி வெச்சுக்கும்."

"தப்பா எழுதாதா?"

"எழுதாது."

"ஒண்ணு ரெண்டு விட்டுடாதா?"

"விடாது."

"தூங்காதா?"

"தூங்காதுப்பா!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷமாக என்னைப் போல ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது!

"சேதிக்கு அவசர நம்பர் கூட உண்டு. பூஜ்ஜியத்துல இருந்து ஏழு வரைக்கும். பூஜ்ஜியம்னா எல்லாரும் எழுந்து ஓடியாரணும். ஏழுன்னா சும்மா கெடக்கும். யாரும் படிக்க மாட்டாங்க."

"அம்மா கூப்பிட்டா எத்தினி?"

"பூஜ்ஜியம்."

"நான் கூப்பிட்டா?"

நிவேதா திருகாணியைத் திருகினாள்.

"ஏழு" என்றாள் கஞ்சித் தூக்கை எடுக்க வந்த திரௌபதி. பிறகு மகளிடம் கேட்டாள். "ஏண்டி, கதவு தொறந்தே கெடந்தா அது என்னா சொல்லும்?"

"தொறக்கிறப்ப ஒரு சேதி, மூடுறப்ப ஒரு சேதி. நடுவுல சொல்ல என்னம்மா இருக்குது?"

"அதுவும் சரிதான்" என்று கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாவம், மெஷின் விஷயம் இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் நாள் ஒழுங்கு இதுதான். காலை ஆறுக்குக் கதவைத் திறந்து மோட்டாரைப் போடுவேன். மோட்டார் சூடாகாமல் இருக்கக் கதவுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் பாத்திக்குப் போவேன். எட்டுக்குத் திரௌபதி உப்பில்லாத கஞ்சியைக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போவாள். பத்துக்கு வந்து மோட்டாரை நிறுத்துவேன். கஞ்சி, ஒரு துண்டு. பிறகு கதவை மூடிவிடுவேன்.

பெட்டி மாட்டி ஏழாம் நாள். ஏழு துண்டு இருக்க வேண்டும். இருந்தது மூன்று! மறுபடி நான்கு போயிருக்கிறது! திருடன் மாட்டினான்! கதவைக்கூட மூடாமல் எல்லோரையும் கூப்பிட்டனுப்பினேன். எனக்குச் சந்தேகம் சேட்டு பாய் மேல். அவரை முன்னால் நிறுத்தினேன்.

"படிம்மா. சத்தமாப் படி!"

"மொத்தம் இருபத்தேழு வரி. கதவு தொறந்தது ஏழு, எல்லாம் காலையில ஆறு மணி. மோட்டார் போட்டது ஏழு. பத்து மணிக்கு நிறுத்தினது ஏழு. கதவு மூடினது ஆறு. இன்னிக்கு இன்னும் மூடல."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லப்பா. உங்களைத் தவிர யாரும் தொறக்கல."

"அதெப்படி? ஏழு இருக்கணும், மூணுதான் இருக்குது!"

சேட்டு பாய் கூரையைப் பார்த்தார்.

"என்னா மூணு?" என்றாள் திரௌபதி.

"மூணு... போல்ட்டு."

அவள் தேடவில்லை. நேராகச் சாக்குக்குப் பின்னால் கையை விட்டு ஜாடியை எடுத்தாள். "இந்தப் போல்ட்டுக்கு மொளகாப்பொடி போட்டது யாருங்க?"

"அண்ணி, பாத்தியில தண்ணி நிக்குது, நான் வர்றேன்..."

"நில்லுங்க பாய். உங்க வீட்டு ஜாடிதானே? எத்தினி துண்டு?"

"இருபத்தி நாலு அண்ணி. அண்ணன் எண்ணித்தான் வாங்கினாரு."

"அதுல மூணு போக?"

"இருபத்தொண்ணு" என்றேன். கணக்குக் கேட்டால் என் வாய் தானாகச் சொல்லிவிடும்.

"பதிமூணு நாள்ல இருபத்தொண்ணா! கொதிப்பு ஏறாம என்னா பண்ணும்?"

"நான் தின்னது பதிமூணு! எட்டு திருடன் எடுத்தான்!"

"எந்தத் திருடன்? நிவேதா, அது தப்பா எழுதுமா?"

"எழுதாதும்மா."

"விட்டுடுமா?"

"விடாது."

"தூங்குமா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மோட்டாரைப் பார்த்தேன்.

"இனிமே கஞ்சி வீட்டுலதான். என் கண் முன்னால" என்று தீர்ப்புச் சொன்னாள்.

கடைசியாக ஒரு முறை எண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எண்ணினேன். மூன்று. ஜாடியை வாங்கிக்கொண்டு அவள் வரப்பில் முன்னால் நடந்தாள். நான் பின்னால். கொட்டகையிலிருந்து வீட்டுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு தப்படி. அத்தனை தூரமும் திரௌபதி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கோபம் என்று நினைத்தேன்.

வழியில் கதவு ஏதும் கிடையாது. சேதியும் வரவில்லை.

வீட்டு வாசலில் ஜாடியை எட்டிப் பார்த்து எண்ணினேன். மீதி இரண்டு.