இடது செம்புத் தண்ணீர்

அந்த வருஷம் மாசி மாதத்தில் நெல்லித்தோப்பில் பிள்ளை பெறுவது இரண்டாவது வேலையாகிவிட்டது. முதல் வேலை, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பால் புகட்டும் பாத்திரத்தைச் சங்குச் சாமியிடம் காட்டுவது. காட்டாமல் பெறுகிறவள் தாயே அல்ல என்று தெருக்குழாயடியில் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் தவளக்குப்பத்திலிருந்து மாட்டுவண்டிகள் வரும். கோர்ட்டுக் குமாஸ்தாக்களின் மனைவிமார், ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள். சாமிக்கு மத பேதம் கிடையாது. இந்துக்களுக்கு விபூதி, கிறிஸ்தவர்களுக்கு நெற்றியில் சிலுவைக் குறி. தெய்வங்கள் இரண்டு வகை, தட்டு மட்டும் ஒன்று.

சாமி கண்டுபிடித்த தத்துவம் இதுதான். பச்சைப்பிள்ளையைப் பிடிக்க இருபத்தேழு தோஷங்கள் உலகத்தில் அலைகின்றன. அவை தொட்டிலில் உட்காருவதில்லை, கூரையில் உட்காருவதில்லை. பால் புகட்டும் சங்கின் மூக்கில்தான் உட்காருகின்றன. இவ்வளவு பெரிய உலகத்தில் அவற்றுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தோஷத்தைக் கண்ணாலேயே காட்டுவதுதான் சாமியின் அற்புதம். அவருக்கு முன்னால் இரண்டு செம்புகள் இருக்கும். இரண்டிலும் துளசியும் பச்சைக் கற்பூரமும் மிதக்கும். ஜனங்கள் கொண்டுவந்த பாத்திரத்தில் இடது செம்பிலிருந்து ஒரு கரண்டி தீர்த்தம் விடுவார். அதன்மேல் சீடன் காய்ச்சிய பாலை ஊற்றுவான். பால் திரிந்து போகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு இமயமலைக் குகையிலிருந்து வந்ததாகச் சொல்லும் தம்முடைய பித்தளைச் சங்கை எடுத்து, வலது செம்பிலிருந்து ஒரு கரண்டி விடுவார். பால் பாலாகவே இருக்கும். கூட்டம் மடியை அவிழ்க்கும். அந்தச் சங்குக்குச் சிவப்புக் கயிறு கட்டிக் கொடுப்பார்.

ஏன் இரண்டு செம்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைக்கு ஆகாதாம்.

கமலாவுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. முதல் பிள்ளை. அவளிடம் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்று தாய்வீட்டுச் சீரோடு வந்த வெள்ளிப் பாலாடை. மற்றொன்று எதிர்வீட்டு இருதயமேரி கொடுத்த கண்ணாடிப் புட்டி. இருதயமேரி வெள்ளைக்காரத் தெருவில் ஒரு மதாம், அதாவது பிரெஞ்சுத் துரைசானி, வீட்டில் பிள்ளை பார்க்கிறவள். அந்தப் புட்டியை அவள் பிபெரோன் என்பாள். தாய்ப்பால் இருக்கிறவரை இது எதுவும் வேண்டாம், வேண்டி வந்தால் பாத்திரம் எதுவானாலும் ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும் என்பது மதாம் வீட்டுச் சட்டம் என்று சொல்லியிருந்தாள்.

கமலாவின் மாமியார் செல்வாம்பாளுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. மருமகளையும் இரண்டு பாத்திரத்தையும் சாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். வெள்ளிப் பாலாடையில் பால் திரிந்தது. கண்ணாடிப் புட்டியில் இன்னும் நன்றாகத் திரிந்தது.

"சீமைச் சரக்கு," என்றார் சாமி. "கடல் தாண்டி வர்றப்பவே ஒண்ணு ஏறி உக்காந்துகிச்சு."

யார் அது என்று செல்வாம்பாள் கேட்டாள்.

"பேரச் சொன்னா கப்பல் கவுந்துடும்."

நெல்லித்தோப்பில் கப்பல் ஏது என்று யாருக்கும் தோன்றவில்லை. கவிழாமல் இருந்ததற்காகத் தட்டில் மேலும் இரண்டு காசு விழுந்தது. செல்வாம்பாள் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு சங்குக்குச் சொல்லிவைத்தாள். அதை எப்படி வைத்துக்கொள்வது என்றும் சாமி விதித்தார். சுடுதண்ணீர் படக்கூடாது. நெருப்பைக் கண்டால் அருள் ஓடிவிடும். துணியால் துடைத்தால் போதும்.

கமலா திரிந்த பாலை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் பிறந்தது பால்காரர் வீட்டில். தானாகக் கெட்ட பாலின் வாசனை வேறு, புளிப்புப் பட்டுத் திரிந்த பாலின் வாசனை வேறு என்பது நடக்கப் பழகும்போதே அவளுக்குத் தெரியும். கற்பூரத்துக்கு அடியிலிருந்து எலுமிச்சை எட்டிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து புருஷன் வடிவேலிடம் சொன்னாள். மில்லில் தறி ஓட்டுகிற வடிவேலுக்கு ஒரு இழை அறுந்தால் ஆயிரம் இழைக்கு நடுவே கண்டுபிடித்துவிடத் தெரியும். சாமி விஷயத்தில் மட்டும் அந்தக் கண்ணை மில்லிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். ஊரே நம்புகிறதே என்றான். நமக்கு எதற்கு வம்பு என்றான். அம்மா சொல்கிறபடி இருந்துவிட்டுப் போ என்றான்.

"உங்க அம்மா சொல்றபடியே இருந்துட்டுப் போறேன். ஆனா அதுல குடிக்கப் போறது நானு இல்ல, நீங்களும் இல்ல. பக்கத்து வீட்டுல போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பக்கத்து வீடு அஞ்சலாட்சியினுடையது. அவளுக்குப் பால் சுரப்பு போதவில்லை. இரண்டு மாதப் பிள்ளைக்குச் சாமி கொடுத்த சங்கில்தான் புகட்டினாள். சுடுதண்ணீர் காட்டாமல், சொன்னபடி துணியால் துடைத்தாள். எட்டு நாளாகப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. அழக்கூடத் தெம்பில்லாமல் துணிமூட்டை மாதிரி கிடந்தது. வடிவேல் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று இரவு சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான்.

மறுநாள் கமலா மெள்ள நடந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். பாத்திரக்கடைக் கோவிந்தசாமியிடம் ஒரு பித்தளைச் சங்கு கேட்டாள். அவன் எடுத்துப் போட்டது அஞ்சலாட்சி வீட்டுச் சங்கின் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தது.

"இந்த அச்சுல நல்லா ஓடுதும்மா. நெல்லித்தோப்புலேருந்து ஒரு காவித்துணி ஆளு மாசாமாசம் வந்து டஜன் கணக்குல அள்ளிக்கினு போறான்."

இமயமலைக் குகை பெரிய மார்க்கெட்டில், கொட்டைப்பாக்குக் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருந்தது.

பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவது கடை வழக்கம். கமலா தன் பெயரைச் சங்கின் அடியில் வெட்டச் சொன்னாள். அஞ்சலாட்சியின் புருஷனும் வீட்டு வழக்கப்படி சாமி சங்கை ஆசாரியிடம் கொடுத்து அடியில் பெண்டாட்டி பெயரை வெட்டி வைத்திருந்தான். அருள் களவு போனாலும் பித்தளை களவு போகக்கூடாது அல்லவா?

அன்று மாலை அஞ்சலாட்சியிடம் பேசினாள். அவள் முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். பிறகு சங்கை எடுத்துக் கொடுத்தாள். கமலா அதிலிருந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்து மார்க்கெட் சங்கில் கட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்த சூழ்ச்சி.

வெள்ளிக்கிழமை கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. செல்வாம்பாள் முன்வரிசையில், வாங்கப்போகும் சங்குக்குப் பட்டுத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். கமலா இரண்டு சங்கையும் நீட்டினாள். கயிறு கட்டியது அஞ்சலாட்சிக்குச் சாமி கொடுத்தது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாததால் மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். கயிறில்லாதது மார்க்கெட்டில் வாங்கியது என்றாள். அத்தனை பேர் முன்னால் சொன்னது பொய்தான். ஆனால் அந்த இடத்தில் பொய் புதிதல்ல, அவளுடையதுதான் சிறியது.

கயிறில்லாத சங்குக்கு இடது செம்பு. பால் திரிந்தது. சாமி கண்ணை மூடி, பதினேழாவது தோஷம் என்று நம்பரும் சொன்னார். கயிறு கட்டிய சங்குக்கு வலது செம்பு. பால் வெள்ளையாக நின்றது.

"பாருங்க," என்றார் சாமி. "ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் எப்படிப் பேசுது நம்ம சங்கு. புள்ளைக்கு உடம்பு சரியில்லாதது தாயோட வினை."

கமலா இரண்டையும் பால் சிந்தாமல் அடி தெரியத் தூக்கி, பக்கத்தில் நின்ற கோர்ட்டுக் குமாஸ்தா யூஜினிடம் கொடுத்தாள். அவர் தம் மனைவிக்குச் சங்கு வாங்க வந்தவர்; பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி ஐயா என்பதற்குப் பதில் முசே என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள்.

"முசே, அடியில இன்னா பேரு வெட்டியிருக்குன்னு எல்லாருக்கும் கேக்குறாப்புல படிங்க."

யூஜின் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். திரிந்த பால் இருந்த சங்கில் அஞ்சலாட்சி என்று படித்தார். நல்ல பால் இருந்த சங்கில் கமலா என்று படித்தார். நம்பாமல் மறுபடி ஒரு தடவை படித்தார்.

கயிற்றை மாற்றிக் கட்டியதைக் கமலா சொன்னாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. சாமி அசரவில்லை. ஏமாற்றுவது என்ன லேசான தொழிலா? அந்தச் சங்குக்குச் சுடுதண்ணீர் காட்டிவிட்டார்கள், அதனால்தான் அருள் போய்விட்டது என்று சத்தம் போட்டார்.

அப்போதுதான் அஞ்சலாட்சி எழுந்தாள். பிள்ளை தோளில் கிடந்தது.

"ஒரு சொட்டு காட்டல சாமி. நீங்க சொன்னத அப்படியே கேட்டேன். கேட்டதாலதான் என் புள்ள பத்து நாளுக்கு மேலா இப்படிக் கெடக்குது."

அதற்குச் சாமியிடம் நம்பர் இல்லை.

"சரி, அருள் போச்சுன்னே வெச்சுக்கலாம்," என்றாள் கமலா. "மார்க்கெட் சங்குக்கு அது எப்படி வந்துச்சு? சங்குல தோஷமா, செம்புலயா? எஞ்சங்குல பால் இன்னும் நல்லாத்தான் இருக்குது. அதுலயே இடது செம்புத் தண்ணி ஒரு கரண்டி விடுங்க, பாப்போம்."

சீடன் செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தான். வடிவேல் குறுக்கே வந்து நின்றான். அவன் எப்போது மில்லிலிருந்து வந்தான் என்று கமலா கவனிக்கவில்லை. இழுபறியில் தீர்த்தம் தளும்பி யூஜின் கைமேல் விழுந்தது. அவர் விரலை நாக்கில் வைத்தார். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

"லிமோனாத்," என்றார். "எலுமிச்சைத் தண்ணி, சக்கரை போட மறந்துட்டாங்க."

மிச்சமிருந்ததைக் கமலா தன் சங்கில் விட்டாள். எல்லார் கண்முன்னாலும் பால் திரிந்தது. சிரிப்பு கடைசி வரிசையிலிருந்துதான் கிளம்பியது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஏற்கெனவே வாங்கியவர்கள். அவர்களுக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று.

சாமி தியானத்துக்கு என்று உள்ளே போனார். பின்வாசல் வழியாகத் தியானம் கடலூர் ரோட்டுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் பிரெஞ்சுக்காரன் எல்லையைத் தாண்டி இங்கிலீஷ்காரன் சீமையில் சேர்ந்துவிட்டது. அங்கேயும் கர்ப்பிணிகள் உண்டு.

அஞ்சலாட்சி சங்கைக் கொதிநீரில் போட்டெடுத்தாள். இருதயமேரி அவளையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நான்காம் நாள் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அஞ்சலாட்சியும் அழுதாள். தெருக்குழாயடி உடனே கூடி ஒரு முடிவுக்கு வந்தது: சாமி போகும்போது பிள்ளையின் தோஷத்தையும் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார், என்ன இருந்தாலும் மகான்.

இதைச் செல்வாம்பாள்தான் வீட்டில் வந்து சொன்னாள். கமலா அடுப்பில் தண்ணீர் வைத்துப் பாலாடையையும் பிபெரோனையும் அதில் போட்டுக்கொண்டிருந்தாள். கைவேலையை நிறுத்தாமலே கேட்டாள்:

"அத்த, பால்காரன் நம்ம ஆளுதான். மாடும் நம்ம மாடுதான். அப்பவும் கறந்த பால நீங்க காய்ச்சாமக் குடிக்கறதில்ல. அடுத்தவன் சொல்றத மட்டும் ஏன் பச்சையாவே குடிக்கிறீங்க?"

செல்வாம்பாள் பதில் சொல்லவில்லை. ஊரும் இன்னும் சொல்லவில்லை. படிக்கிற நீங்களாவது சொல்லுங்கள்.