ஓடும் கணினியைத் திருத்துகிறவர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் திருத்தித் தருவதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. உங்கள் அடுக்குமாடியிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் தேட வேண்டாம். லிஃப்டில் அவரே உங்களைப் பிடித்துக்கொள்வார்.

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எங்கள் பிளாக்குக்கு வாய்த்தவர் யுகேந்திரன். "கம்ப்யூட்டர் கொஞ்சம் ஸ்லோ" என்று தப்பித் தவறி அவர் காதில் விழச் சொல்லிவிட்டீர்களா? தொலைந்தீர்கள். கூப்பிடாமலே வந்து, "விண்டோஸா?" என்று டாக்டர் சிகரெட்டைப் பற்றிக் கேட்கிற தொனியில் கேட்டு, அதைத் துடைத்தெறிந்து, லினக்ஸ் போட்டு, "ஐயோ, என் சாஃப்ட்வேர் விண்டோஸ்லதானே ஓடும்!" என்று நீங்கள் அலறியதும் புன்னகைத்து, கணினிக்குள்ளேயே இன்னொரு பொய்க் கணினியை உண்டாக்கி, அதற்குள் அதே விண்டோஸைக் கொண்டுவந்து வைப்பார். அந்தப் பொய்க் கணினிக்குப் பெயர் வி.எம். வீட்டைவிட்டு விரட்டிய ஆளையே சமையலறையில் பாய் போட்டுப் படுக்க வைப்பதற்கு இத்தனை பாடு! ஏன் என்று கேட்டால், "செக்கியூரிட்டி, அண்ணே" என்பார்.

மூன்றாவது மாடித் தையல்காரர் சித்தி ஹாஜரா அக்கா இப்படித்தான் மாட்டினார். தையல் இயந்திரம் கணினியைப் பார்த்துத் தைக்கிற அவருடைய பூவேலை டிசைன்கள் எல்லாம் அந்த வி.எம்.முக்குள்தான். போன சனிக்கிழமை மதியம் என் காற்சட்டையைக் குட்டையாக்கப் போயிருந்தேன். அக்கா முகம் வெளிறி நின்றார். வி.எம். திறக்கவில்லை; திறந்தால் ஏதோ எச்சரிக்கைப் பெட்டிதான் வந்து நிற்கிறது. மறுநாள் நிக்காஹ். மணப்பெண்ணின் முக்காட்டு ஓரத்தில் பூவேலை பாக்கி. தைக்கவே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நான்கு மணிக்குப் பெண்வீட்டார் வந்துவிடுவார்கள்.

யுகேந்திரன் வந்தார். விரல்களைச் சொடுக்கினார். எச்சரிக்கைப் பெட்டி வந்ததும் ஈயை அடிப்பதுபோல் அதை மூடினார்.

"இதெல்லாம் சும்மா வரும்கா. லினக்ஸோட உள்கரு, கெர்னல், மாறியிருக்கு, அதான்."

"யாரு தம்பி மாத்துனா?"

"நான்தான். காலைல வந்தப்ப அப்டேட் போட்டேன்ல?"

பிறகு ஒரு கறுப்புத் திரையைத் திறந்து மளமளவென்று தட்டினார், பெட்டி வந்தது, மூடினார், இணையத்தில் தேடினார், ஏழு வருஷத்துக்கு முன் இதே தொல்லையில் மாட்டிய ஒரு புண்ணியவான் "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு எப்படி என்று சொல்லாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார், அவனைத் திட்டினார், மறுபடி தட்டினார், பெட்டி வந்தது, மூடினார். மணி இரண்டு.

"அக்கா, மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம். டிசைனுக்கு பேக்கப் இருக்குல்ல?"

"நீங்கதானே எடுத்துத் தர்றேன்னீங்க?"

யுகேந்திரன் மறுபடி கறுப்புத் திரையில் தட்டத் தொடங்கினார். அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"எந்திரிங்க தம்பி," என்றார் அக்கா. உட்கார்ந்தார். பெட்டி வந்தது. மூடவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டைப் படிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக, கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"கீழ ஒரு வரி குடுத்து, இத அட்மின் பாஸ்வேர்டோட அடின்னு போட்டிருக்கே. அடிச்சுப் பாத்தீங்களா?"

"எங்க?"

அவர் பத்துத் தடவை மூடிய அதே பெட்டியில்தான். அக்கா அந்த வரியைக் கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாய் அடித்தார். ஒரு நிமிஷம் என்னவோ ஓடியது. வி.எம். திறந்தது, பூக்கள் அத்தனையும் பத்திரம். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அக்கா முக்காட்டை இயந்திரத்தில் பூட்டினார்.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்கா," என்றார் நம்மாள், வெட்கமே இல்லாமல். "ஒரே ஒரு செட்டிங் மட்டும் மாத்திட்டா இன்னும் ஸ்பீடா—"

அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். "கைய வச்சுப் பாருங்க லா!"

முக்காடு நேரத்துக்குப் போய்விட்டது. யுகேந்திரனை நினைத்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்று: நீங்கள் உள்ளே நுழைந்ததும் சொந்தக்காரர்கள் லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்று கேட்காமலே சொல்கிறார்களா? அது லேப்டாப்பைப் பற்றிய செய்தி அல்ல.