போன தடவைக்கு நன்றி

கர்த்தருடைய கிருபையால் நகரத்தில் சுகமாயிருக்கும் என் அண்ணன் மகள் லின்னேயாவுக்கு, கெர்டா அத்தை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் பிர்யெர் மாமாவும் மாடுகளும் நலம். உனக்காகத் தினமும் ஜெபம் பண்ணுகிறேன். வேலை அதிகமான நாட்களில் பால் கறந்துகொண்டே பண்ணுகிறேன், அதுவும் போய்ச் சேருமாம், பாதிரியாரிடம் கேட்டுவிட்டேன்.

முதலில் நல்ல சேதி. உன் கல்யாணம் ராட்சசக் கோட்டைச் சிற்றாலயத்திலேயே நடக்கும். நம்ம வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அங்கேதானே நடந்தது? கூரை இல்லாட்டி என்ன, மழை வரப்போனா சுவரே முனகிச் சொல்லிடுதே. ஆனா சண்டையில செத்த அந்தச் சிப்பாய் ராஸ்க் அங்கே சுத்துற வரைக்கும் கல்யாணம் எங்க ஊர்லதான்னு உன் மாமியாராகப் போற ஹெட்விக் அம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை. அந்த அம்மா ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல வயிறாரச் சாப்பிட்டுட்டு, அடுத்த நாளே கடையில எதிர்ல வந்து, வெயிலைப் பத்திப் பேசினாங்க, உருளைக்கிழங்கைப் பத்திப் பேசினாங்க, 'போன தடவைக்கு நன்றி' மட்டும் வாயில வரலை. விருந்து சாப்பிட்டவங்க மறுபடி பார்க்கிறப்ப முதல் வார்த்தையா அதைத்தானே சொல்லணும்? நான் மனசுல வச்சுக்கலை. உன் காதுல போட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தச் சிப்பாய்க்குப் பட்டாளத்துல ராஸ்க்னு பேர் வச்சாங்க, சுறுசுறுப்புக்காரன்னு அர்த்தம், ஆனா செத்து இத்தனை தலைமுறை ஆகியும் இடத்தைக் காலி பண்ணலை. பாதிரியாரைக் கூட்டிட்டுப் போனேன். அவர் ஜெபம் வாசிக்க வாசிக்க இவன் தொப்பியைக் கழட்டி அடக்கமா கேட்டான், முடிஞ்சதும் "ஆமென்"னான், அங்கேயே நின்னான். உன் மாமா, "அவன் துப்பாக்கியைத் தேடுறான்டி, ஆம்பளைங்க மனசு எனக்குத் தெரியும்"னு தோண்டி ஒரு துருப்பிடிச்ச துப்பாக்கியை எடுத்து அவன் முன்னால வச்சார். மறுநாள் அது நம்ம கோழிக்கூட்டு மேல சாத்தியிருந்தது, கோழிங்க இன்னும் முட்டை போடலை.

கடைசியில வியாழக்கிழமை மத்தியானம் நானே காபியும் ஏழு வகை பிஸ்கட்டும் எடுத்துட்டுப் போனேன். யாரா இருந்தாலும் வெறுங்கையோட பார்க்கலாமா?

"உட்காரு தம்பி. என்னதான் வேணும் உனக்கு?"

விறைப்பா நின்னான். "அக்கா, ஒரு வார்த்தை சொல்லணும். எந்தப் பொம்பளைகிட்ட போனாலும் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஓடிடுறாங்க."

"நான் ஓடமாட்டேன், முழங்கால் வலி. சொல்லு."

"சண்டைக்கு முந்தின நாள், சிவப்புக் கதவு வச்ச பண்ணையில பட்டாணி சூப்பும் அப்பமும் போட்டாங்க. மறுநாளே குண்டு பட்டுட்டேன். திரும்பிப் போய்..."

சிவப்புக் கதவு நம்ம கதவுடி! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"நான் அந்த வீட்டுக்காரிதான்டா. இப்பச் சொல்லு."

தொப்பியை நெஞ்சுல வச்சு, "போன தடவைக்கு நன்றி"ன்னான். "நீ வந்தது எங்களுக்குச் சந்தோஷம்"னேன். காபியைக் குடிச்சான், பிஸ்கட்ல ஒவ்வொரு வகையா எடுத்தான், அப்படியே மூடுபனி மாதிரி கலைஞ்சுட்டான். கோட்டையே பெருமூச்சு விட்டது. ஹெட்விக் அம்மாவுக்கு உடனே சொல்லி அனுப்பிட்டேன், பத்திரிகை அடிக்கச் சொல்லிடு.

கர்த்தர் உன்னையும் உன் மாப்பிள்ளையையும் காப்பாராக. பல்லைத் தேய், கம்பளிக் காலுறை போடு.

இப்படிக்கு,
கெர்டா அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், யாரோ கதவைத் தட்டுற சத்தம். ராஸ்க். "அன்னைக்குக் காபிக்கு நன்றி சொல்லணும்ல அக்கா"ங்கிறான். நானும் வாய்ப்பழக்கத்துல "உள்ளே வாப்பா, சூப் சூடா இருக்கு"ன்னுட்டேன். இப்ப ரெண்டாவது தட்டு சாப்பிடுறான். இதுக்கும் நன்றி சொல்ல வருவான். கல்யாண விருந்துக் கணக்குல ஒரு ஆள் சேர்த்துக்கோ, ஹெட்விக் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியைப் போடு. அவங்களும் கொஞ்சம் கத்துக்கட்டும்.