ஆம்பளை இல்லாத பாட்டு

சத்தம் வராததால்தான் தேவநாதனுக்கு முதல் சந்தேகமே வந்தது.

மகள் வெண்பா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பையன் மலை உச்சியில் நின்று கையை விரித்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். சத்தம் இல்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டாள். அவன் முகம் வந்த இடத்தில் நிறுத்தினாள், பின்னால் தள்ளினாள், திரும்ப ஓடவிட்டாள். பிறகு லேப்டாப்பை மூடி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டாள்.

பாட்டுக் கேட்கிற பெண்ணைப் பெற்றவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊமைப் பாட்டுப் பார்க்கிற பெண்ணைப் பெற்றவர் விருத்தாசலத்திலேயே தான் ஒருவர்தான் என்று தேவநாதனுக்குத் தோன்றியது.

"என்னாம்மா இது?" என்றார்.

"அனாலிசிஸ்ப்பா. மொதல்ல சத்தம் இல்லாம படத்த மட்டும் பார்க்கணும். அப்புறம் படம் இல்லாம சத்தத்த மட்டும் கேக்கணும். எங்க மேடம் சொல்லிருக்காங்க."

"அந்தப் பையன் மூஞ்சிலியே நிறுத்தி நிறுத்திப் பார்க்கறியே?"

"அங்கதாம்ப்பா கட் வருது."

வெண்பா கடலூரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் கடைசி வருஷம். அவளாக ஒரு மியூசிக் வீடியோ திட்டம் போட்டு, எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுத்தால்தான் பட்டம். அதைப் பற்றித் தேவநாதனுக்கு அவ்வளவாகக் கவலையில்லை. அவர் கவலை ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்தது. அங்கே நல்லமுத்து வாத்தியார் வீட்டு வரன் தானாக வந்திருந்தது. பையனுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை, ஜாதகம் பொருந்திவிட்டது, தை பிறந்தால் நிச்சயம். ஆனால் வாத்தியார் குடும்பம் ஒரு மாதிரி. பெண்ணைப் பற்றி ஒரு சின்னப் பேச்சு காதில் விழுந்தாலும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் தை வரைக்கும் மகள் மேல் ஒரு தூசு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அப்பனின் வேலை என்று அவரே தன்னை நியமித்துக்கொண்டார்.

"பொண்ணுகிட்ட இந்த இடம் புடிச்சிருக்கான்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி கனகா.

"அதெல்லாம் தூசு படாம இருந்தா தானா புடிக்கும்."

பீங்கான் தொழிற்பேட்டையில், தேவநாதன் சூப்பர்வைசராக இருக்கும் பொம்மைக் கம்பெனியின் முற்றத்திலேயே பாட்டை எடுக்க வெண்பா திட்டமிட்டிருந்தாள். சூளைக்குப் போகுமுன் வெள்ளை வெளேரென்று பலகைகளில் காயும் பொம்மைகளுக்கு நடுவே ஒரு காதல் பாட்டு. தேவநாதன் உடனே சம்மதித்தார். எது நடந்தாலும் கண்ணெதிரே நடக்கட்டும்.

"ஹீரோ யாரு?"

"எங்க கிளாஸ் கிருஷ்ணபிரசாத். பாட்டும் அவந்தான் பாடிருக்கான். கேமராவுக்கு அவன் ஃபிரண்டு வருவான்."

"காலேஜு பசங்க ரெண்டு பேரா? கேமராவுக்கு நான் ஆளு கொண்டாறேன்."

அப்படிக் கொண்டுவந்த ஆள்தான் சேத்தியாத்தோப்பு தமிழ்செல்வன். கொழுந்தியா மகள் கல்யாணத்தை வீடியோ எடுத்தவன். அந்தக் கல்யாணத்தில் அவன் ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்ததாகவோ, முதல் பந்தியில் உட்கார்ந்ததாகவோ யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் "சரிங்க சார்" என்பான். தேவநாதனுக்கு இந்த உலகத்தில் பிடித்த இரண்டு வார்த்தைகள் அவைதான்.

முதல் நாள் படப்பிடிப்பில் ஸ்பீக்கரில் பாட்டு தலைதெறிக்க ஓடியது. கிருஷ்ணபிரசாத் மண்டியிட்டு, வெண்பாவிடம் ஒரு பொம்மையை நீட்டி, பூச்சி பிடிக்கிற பல்லி மாதிரி வாயைப் படபடவென்று அசைத்தான்.

"என்னாத்துக்கு இவ்வளவு அவசரமா பாடறான்?"

"ஸ்லோமோஷனுங்க சார்," என்றான் தமிழ்செல்வன். "ரெண்டு மடங்கு வேகத்துல பாடவச்சி எடுத்துக்கிட்டு, அப்புறமா வேகத்தைப் பாதியாக்கிடுவோம். வாயசைவும் பாட்டும் சரியா ஒட்டிக்கும்."

டீ இடைவேளையில் தமிழ்செல்வன் அவரைத் தனியாக ஓரம் கட்டினான். "எனக்கு எதுக்குங்க சார் வம்பு. நீங்களே பாருங்க," என்று கேமராவின் சின்னத் திரையில் அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினான்.

வேகமாகப் பார்த்தபோது கோமாளியாக இருந்தவன், மெதுவாகப் பார்த்தபோது மன்மதனாக இருந்தான். இமை மெல்ல இறங்குகிறது. உதடு மெல்லப் பிரிகிறது. பார்வையில் தேன் வழிகிறது. தேவநாதனை மெதுவாக ஓட்டினால் அவரும் அப்படித்தான் தெரிவார் என்பது அவருக்குத் தெரியாது.

"தம்பி, நீ பாடினதே போதும்," என்று கிருஷ்ணபிரசாத்தை மத்தியான பஸ்ஸுக்கே ஏற்றிவிட்டார்.

வெண்பா கண் கலங்கிவிட்டாள். "அப்பா, நான் மூணு மாசமா பிளான் பண்ணதுப்பா. என்மேல நம்பிக்கை இல்லியா?"

"உம்மேல இருக்குதும்மா. ஆம்பளைங்க மேலதான் இல்ல."

அடுத்த ஹீரோவை அவரே தேர்ந்தெடுத்தார். பக்கத்து மங்களூரில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன் மகன் திருமால். வெண்பாவுக்கு அண்ணன் முறை. ஆபத்தே இல்லாத ஹீரோ. அவன் மண்டியிட்டுப் பொம்மையை நீட்டினான். வெண்பா அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"டேய், கொஞ்சம் ஆசையா பாருடா," என்று தேவநாதனே சொல்லவேண்டி வந்தது.

"சித்தப்பா, இவ என் கடைக்கு வந்தா யூரியா மூட்டைய எண்ணிட்டுப் போவா. ஆசையா எப்படிப் பார்க்கறது?"

இன்னொரு முறை முயன்றார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் திருமால் பின்பக்கமாக நகர்ந்தான். பின்பக்கம் பலகை இருந்தது. பலகை நிறைய, காய்ந்தும் காயாமலும் கொலுவுக்குப் போகவேண்டிய பொம்மைகள் இருந்தன. அத்தனையும் மண்ணாகிவிட்டது.

முதலாளி வந்து எல்லார் முன்னிலையிலும் தேவநாதனைத் திட்டினார். பத்தொன்பது வருஷ சர்வீஸில் முதல்முறை. திருமால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று வண்டியைக் கிளப்பினான்.

"பரவால்லிங்க சார்," என்றான் தமிழ்செல்வன் பொறுமையாக. "மொதல்லேர்ந்து எடுத்துக்கலாம். எனக்கு ஒண்ணும் சிரமமில்ல."

'ஒரு முணுமுணுப்பு உண்டா? முகச்சுளிப்பு உண்டா? பையன் என்றால் இவன்தான் பையன்' என்று தேவநாதன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

மூன்றாவது ஹீரோவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சூளை போடுகிற தர்மராஜ். பேரன் எடுத்தவர். மீசையைப் பார்த்தாலே காதல் ஓடிவிடும். 'வயசான கலைஞனின் தூய அன்பு' என்று கதையையே மாற்றினார் தேவநாதன். வெண்பா தலையில் அடித்துக்கொண்டாள். சப்மிஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை.

தர்மராஜ் மண்டியிட்டார். சூளை வெப்பத்தில் சிவந்த கண்ணால் பார்த்தபடி, பொம்மையை நீட்டி, பாட்டின் வேகத்துக்கு வாயை அசைத்தார். அதே நேரம் பெயின்ட் அடிக்கும் கொட்டகையிலிருந்து பிரஷ்ஷும் கையுமாக வந்தாள் அவர் மனைவி கண்ணம்மாள். அவளிடம் இந்த விஷயத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"முப்பது வருஷமா என்னை ஒருநாள் நேரா பார்த்திருப்பியாய்யா நீ? இங்க வந்து முட்டி போட்டுக்கினு கெடக்கிற!"

"சினிமாடி... தேவநாதன் சார்தான்..."

"சார் வூட்டுப் பொண்ணு கூடவா சினிமா?"

தொழிற்பேட்டை முழுக்க அவள் குரல் போனது. கண்ணம்மாள் பிரஷ்ஷாலேயே அடித்ததில் பச்சைப் பெயின்ட் தர்மராஜின் மீசையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கதை சாயங்கால டவுன் பஸ்ஸில் ஏறி ஸ்ரீமுஷ்ணம் போய் இறங்கியது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே நல்லமுத்து வாத்தியாரிடமிருந்து போன்.

"பொண்ணு என்னமோ படத்துல நடிக்குதாமே. தினம் ஒரு ஹீரோவாம். கடைசி ஹீரோ வூட்டுல அடிதடியாம்."

"ஐயோ, அதெல்லாம் புரளிங்க!" தேவநாதன் பதறி எழுந்துவிட்டார். "பாட்டுல ஆம்பளையே கெடையாதுங்க! நீங்களே குடும்பத்தோட வந்து பாருங்க. பாட்டையும் பார்த்த மாதிரி, பொண்ணையும் பார்த்த மாதிரி."

போனை வைத்த பிறகுதான், தான் என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது அவருக்கே உறைத்தது.

மறுநாளிலிருந்து வெண்பா ஒரு பொம்மையோடு நடித்தாள். தேவநாதன் பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆம்பளைப் பொம்மை மாதிரி இருக்குதே?"

"குழல் ஊதற சின்னப் புள்ளைப்பா!"

"வேணாம். முயலு எடுத்துக்க."

அச்சு ஊற்றுகிறவரிடம் போய், இந்த முயல் ஆணா பெண்ணா என்று கேட்டார். அவர் சார் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "பொண்ணுதாங்க சார்," என்று சொல்லித் தன் வேலையைப் பார்த்தார்.

அப்படியாக, கையில் ஒரு பெண் முயலோடு வெண்பா வெள்ளைப் பொம்மைகளுக்கு நடுவே நடந்தாள், நின்றாள், திரும்பினாள், சிரித்தாள். கிருஷ்ணபிரசாத்தின் குரலையும் எடுத்துவிட்டு, சிநேகிதி ஒருத்தியைப் பாடவைத்தார்கள். எடிட்டிங் வெளியே எங்கும் வேண்டாம், நம் வீட்டுக் கூடத்திலேயே நடக்கட்டும் என்றார் தேவநாதன். தமிழ்செல்வன் சாயங்காலமானால் கம்ப்யூட்டரோடு வந்துவிடுவான். இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்தபடி ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்வார்கள். தேவநாதனே டீ கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஏங்க, அந்தத் தம்பி ரொம்ப நாளா வருதே. வேலை இன்னுமா முடியல?" என்றாள் கனகா.

"கனகா! ஒரு நல்ல பையனக்கூட சந்தேகப்படறியே. உன் மனசு ஏன் இப்படிப் போவுது?"

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் குடும்பம் வந்தது. நல்லமுத்து, அவர் மனைவி, பையன், வாத்தியாரின் அக்கா ஆனந்தவல்லி. அக்கா வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை என்று ஸ்ரீமுஷ்ணத்தில் சொல்வார்கள். டிவியில் பாட்டைப் போடுவதற்காகத் தமிழ்செல்வன் காலையிலேயே வந்து ஒயரை மாட்டி, ரிமோட்டோடு ஓரமாக நின்றான். வெண்பா பச்சைப் புடவையில் காபித் தட்டோடு வந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கதவுப் பக்கம் போய் நின்றாள்.

"போடு தம்பி," என்றார் தேவநாதன்.

பாட்டு ஓடியது. உண்மையாகவே நன்றாக இருந்தது. வெயிலில் பொம்மைகள் மின்னின. வெண்பா மெதுவாகத் திரும்பினாள். அவள் கன்னத்தில் விழுந்த முடி காற்றில் எழும்பி அடங்கும்வரை காட்சி நின்றது. அவள் முயலைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பார்த்தாள். இமை மெல்ல இறங்கியது. உதடு மெல்லப் பிரிந்தது. முதலில் வெட்கம், அப்புறம் சிரிப்பு, அப்புறம் இரண்டும் போய், யாரும் பெயர் வைக்காத வேறு ஏதோ ஒன்று. மாப்பிள்ளைப் பையன் காபியைக் குடிக்க மறந்துவிட்டான்.

தேவநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் மகளா இது! கண் கலங்கிவிட்டது. ஒரு முற்றம், ஒரு முயல், ஒரு பெண். தேடினாலும் ஒரு ஆணின் நிழல்கூடக் கிடையாது.

"பொண்ணு லட்சணமா இருக்குது," என்றார் வாத்தியாரின் மனைவி.

"ஊரு பேச்சை நம்பி நான்தான் தப்பா நினைச்சிட்டேன்," என்றார் நல்லமுத்து. "தை மொத முகூர்த்தத்தையே பார்த்துடலாம்."

தேவநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். "நாந்தான் சொன்னனேங்க. பாட்டு முழுக்க ஒரு ஆம்பளை இருக்கானா, காட்டுங்க பார்ப்போம்!"

எல்லாரும் ஆனந்தவல்லியின் தலையசைப்புக்குக் காத்திருந்தார்கள். அவர் டிவியில் நின்றுபோன வெண்பாவின் முகத்தைப் பார்த்தார். கதவோரம் நின்ற வெண்பாவைப் பார்த்தார். அவள் பார்வை போன பக்கம் மெல்லத் திரும்பினார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"பொண்ணு இவ்வளவு நேரமா பார்த்துச் சிரிச்சது உன்னத்தான, தம்பி... கேமராவ நீதான புடிச்சிக்கினு இருந்த?"